கேன்சர் இல்லையென்றால் இந்த மருந்து எதற்கு?

11 மார்ச் 1986, செவ்வாய்

இவர் என்னிடம் எதையோ மறைக்கிறார். எதை என்றுதான் பிடிபடவில்லை.

மிளகாய்த்தூள் அரைத்துவரப் போனவர் இன்றும் சாப்பாட்டு வேளைக்குத்தான் திரும்பினார். ரோவல் ரோட்டு வீட்டிலிருந்து பஃபலோ ரோடு மாவு மில்லுக்கு எவ்வளவு தூரம்? பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுப் போனால் அது குழைவதற்குள் நான் வந்துவிடுவேன். கேட்டால், "மில்லுல கூட்டம்லா" என்கிறார். வாரக்கடைசி என்றால் நம்பலாம். செவ்வாய்க்கிழமை என்ன கூட்டம்?

மில்லை நடத்துகிறவள் மங்களம். புருஷன் போனபிறகு தனியாக நின்று தொழில் பார்க்கிறவள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆள் இன்னும் களையாகத்தான் இருக்கிறாள். சிரிப்பும் கொஞ்சம் தாராளம். அறுபத்து நான்கு வயதில் இந்தச் சூசைநாதனுக்கு என்ன கேடு? நேராகக் கேட்கவும் முடியாது. சிரித்தே மழுப்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளையை முகத்தைப் பார்த்ததும் பிடித்துவிடுகிறேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனுஷனைப் பிடிக்க முடியவில்லை.

13 மார்ச், வியாழன்

ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்கிறேன்.

சட்டைப் பொத்தானை என்னைப் போட்டுவிடச் சொல்கிறார். ஓட்டை சின்னதாகிவிட்டதாம். தோல் செருப்பை ஓரங்கட்டிவிட்டு ரப்பர் செருப்பு வாங்கி வந்திருக்கிறார். தலை சீவுவதுகூட உட்கார்ந்துகொண்டுதான். தலையணைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சாய்ந்தபடி தூங்குகிறார். ஏன் என்றால், "ஹார்பர்ல கிரேன் ஓட்டுன முதுகு, நீட்டிப் படுக்கத் தெரியலே" என்கிறார். ஓய்வு பெற்ற முதல் ஒன்பது வருடம் அதே முதுகுக்குப் படுக்கத் தெரிந்திருந்ததே!

கோயிலில் பாட்டுக்கு வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. தட்டில் சோறு பாதி நிற்கிறது. மில்லில் ஏதாவது தின்னக் கொடுத்து அனுப்புகிறாளோ?

பார்க்கிறவர்கள் எல்லாரும் "அண்ணனுக்கு நல்லா சதை போட்டிருக்கே" என்கிறார்கள். என் சோற்றில் போட்ட சதை இல்லை அது.

14 மார்ச், வெள்ளி

தபசுகாலத்து வெள்ளி, கறி கிடையாது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும். இதை மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டார். சந்தேகம் கொஞ்சம் இறங்கியது.

18 மார்ச், செவ்வாய்

இன்று பின்னாலேயே போனேன். எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது, ஒரு மாடி இறங்கித்தான் ஏற வேண்டும். அவர் போய்க் கொஞ்ச நேரம் கழித்துக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இந்நேரம் பாதி வழி போயிருப்பார் என்று நினைத்தால், கீழே எங்கள் அடுக்குமாடி புளோக்கின் அடியில் கல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். யாருக்கோ காத்திருக்கிறார் என்றே நினைத்தேன். யாரும் வரவில்லை. எழுந்து பஸ் ஸ்டாப் வரை நடந்தார். அங்கேயும் உட்கார்ந்தார். பஸ் வந்தது. டிரைவரைப் பார்த்து 'போ போ' என்று கை காட்டினார். அடுத்த பஸ்ஸுக்கும் அப்படியே.

பிறகு கடைகளுக்கு முன்னால் போகிற ஐந்தடிப் பாதையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு ஹார்ட்வேர் கடையில் தொங்குகிற வாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டுக்கு எதற்கு வாளி? அப்போதுதான் அவர் தோளைப் பார்த்தேன். ஏறி ஏறி இறங்கியது. ஓடி வந்த பிள்ளைக்கு வாங்குகிற மாதிரி மூச்சு.

அவரைத் தாண்டி வேறு வழியாக மில்லுக்குப் போனேன். மங்களம் என்னைக் கண்டதும் முகம் மாறினாள். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று போனவள் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"எவ்வளவு நாளா?"

"தீபாவளிக்குப் பிறகுலேர்ந்தே அப்படித்தான் அக்கா. வந்தா ஸ்டூலைப் போட்டு உட்கார வச்சுத் தண்ணி கொடுப்பேன். முகத்துல ஈயாடாது. வீட்டுல சொல்லிடாதேன்னு கெஞ்சுவாருலா, நான் என்ன செய்ய?"

வேறொருத்தி இருந்திருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும். இதற்கு என்ன செய்வது? அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ரசம் வைத்தேன்.

22 மார்ச், சனி

கேட்கலாம் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். இன்று காலை பூசைக்குச் சட்டை மாட்டும்போது மூச்சு அடைத்துவிட்டது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆனது. ஆம்புலன்சுக்கு 995-ஐக் கூப்பிட்டேன். வந்தவர்கள் நாற்காலியில் வைத்துக் கட்டிப் படியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அடுத்தடுத்த வீட்டுக் கதவெல்லாம் திறந்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எண்பத்திரண்டாம் வருடம் ஒரு மாரடைப்பு வந்து சரியானவர். அதில் கெட்ட இதயம் இப்போது வீங்கித் தளர்ந்துவிட்டதாம், நுரையீரலில் தண்ணீராம், காலில் தண்ணீராம். சதை இல்லை, தண்ணீர். இவர் என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். கருவாடு என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். தபசுகாலத்தில் கறியை விட்டுவிட்டு உப்பைத் தின்றிருக்கிறோம். ஆனால் ஒரு கருவாட்டினால் மட்டும் இவ்வளவு தண்ணீரா? அவர்கள் கொடுத்த மாத்திரையில் பிசகு இல்லை என்று யார் பார்த்தது?

30 மார்ச், ஞாயிறு. பாஸ்கா திருநாள்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் வடிந்து கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. இப்போது பார்க்கிறவர்கள் "என்ன இளைச்சுட்டாரு" என்கிறார்கள்.

17 ஜூன், செவ்வாய்

மறுபடி 995. மறுபடி நாற்காலி. உப்பே இல்லாமல் சமைத்தும்.

8 ஜூலை, செவ்வாய்

வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு நர்ஸை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ரபியா என்று பேர். நாற்பது வயதிருக்கும். கடையநல்லூர்க் குடும்பம், நல்ல தமிழ். காலை அமுக்கிப் பார்த்தாள், எடை பார்த்தாள், மாத்திரைகளை எடுத்துப் பார்த்தாள். அதோடு போக வேண்டியதுதானே? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

"இப்ப உங்களுக்கு ரொம்பத் தொந்தரவா இருக்கறது எது, ஐயா?"

நெஞ்சு என்று சொல்வார் என்று பார்த்தேன். "குளிக்கிறது" என்றார். "குளிச்சு முடிச்சா ஒரு கப்பல் சரக்கை நானே தூக்கி இறக்குன மாதிரி இருக்கும்மா." இதை எனக்குச் சொன்னதில்லை. குளியலறைக்குள் நாற்காலி போட்டுக்கொண்டது கால் வழுக்கும் என்றுதான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள். "திரும்ப மூச்சு முட்டுனா எங்க இருக்கணும்னு உங்களுக்கு ஆசை?"

இது என்ன கேள்வி? மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், இதில் ஆசை என்ன வந்தது? கட்டில் காலியாக வேண்டும் என்று அவளை அனுப்பியிருக்கிறார்களோ? இவர் என் முகத்தைப் பார்த்தார்.

29 ஜூலை, செவ்வாய்

நான் தேத்தண்ணி போட உள்ளே போனால் கூடத்தில் பேச்சு தணிகிறது. அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். "அவகிட்ட எப்படிம்மா சொல்றது" என்று இவர் குரல். என்னிடம் எதைச் சொல்ல வேண்டும்?

மங்களத்தைச் சந்தேகப்பட்டது வீண். இது வீணில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

மூன்றாவது தடவை ஆஸ்பத்திரி. ஊசி குத்திக் குத்தி இரண்டு கையும் கருத்துக் கிடக்கிறது. போன தடவை வேலை செய்த மருந்து இந்தத் தடவை வேலை செய்யவில்லையாம், ரத்த அழுத்தம் வேறு இறங்குகிறதாம். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகன் எட்மண்டிடம் மட்டும் பேசினார்கள். பெற்ற பிள்ளையாகவே இருக்கட்டும், கட்டினவள் நான்தானே?

2 செப்டம்பர், செவ்வாய்

கிளினிக்கில் டாக்டரைப் பார்த்தோம். எட்மண்ட் பிடோக் வீட்டிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தான். டாக்டர் சீன இளைஞர், மரியாதையானவர், குறை சொல்ல முடியாது. அவர் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். நடுவில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பேசினார். எட்மண்ட் என் பக்கம் திரும்பி, "மாத்திரைய ஒழுங்கா சாப்பிடச் சொல்றாரும்மா" என்றான்.

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதான் தமிழா?

9 செப்டம்பர், செவ்வாய்

ரபியா இன்று ஒரு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஓர் இல்லத்திலிருந்து வருகிறாராம். இல்லம் எங்கே என்று கேட்டேன். "சுவா சூ காங் போற வழியிலம்மா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுவா சூ காங்! அங்கே நமக்கு என்ன இருக்கிறது, கல்லறையைத் தவிர? அந்தப் பக்கம் பஸ் ஏறுகிறவர்கள் கையில் எல்லாம் பூவும் மெழுகுவர்த்தியும்தான் இருக்கும். வழியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று கட்டி வைத்திருக்கிறார்களோ?

டாக்டரம்மா அரைமணி நேரம் இவரோடு பேசிவிட்டு ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்தார். மூச்சுத் திணறலுக்காம். ரொம்பக் கொஞ்சம், சொட்டுக் கணக்கில் கொடுக்க வேண்டுமாம். இவர் அதை வாங்கி மாதா படத்துக்குக் கீழே வைத்தார். இவர் அப்பால் திரும்பியதும் நான் எடுத்துத் தையல் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். விசாரிக்காமல் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக்கூடாது.

11 செப்டம்பர், வியாழன்

டன்லப் ஸ்திரீட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஹனீபாவிடம் பாட்டிலைக் காட்டினேன். லேபிளைப் படித்தார். கடையில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"வீட்டுல யாருக்குக்கா?"

"உங்க அண்ணனுக்கு."

"அபின்லேர்ந்து எடுக்கிற மருந்துலா இது. கேன்சர்காரங்களுக்குத்தான் கொடுப்பாங்க. கடைசில."

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. இப்போது எல்லாம் பொருந்துகிறது. குசுகுசுப் பேச்சு. எட்மண்டின் ஒரு வரித் தமிழ். கன்னியாஸ்திரிகள் இல்லம் — அங்கே கேன்சர்காரர்களைத்தான் வைத்துப் பார்ப்பார்கள் என்று கோயிலில் எல்லாருக்கும் தெரியும். அந்தோனியம்மாளின் தங்கச்சி அங்கேதான் செத்தாள். இதயம் இதயம் என்று சொல்லி என்னை ஏமாத்தியிருக்காங்க. எல்லாரும் சேர்ந்து. எனக்கு மட்டும் சொல்லலே. நான் என்ன சின்னப் பிள்ளையா? சொன்னா செத்தா போயிடுவேன்?

12 செப்டம்பர், வெள்ளி

பீரோவில் இருந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் வெள்ளையாக ஒன்று பூசணி மாதிரி பெருத்திருக்கிறது. கட்டி இல்லாமல் வேறென்ன?

இவர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன தேடுறே?" என்றார்.

"உங்களைத்தான்" என்றேன்.

13 செப்டம்பர், சனி

பங்குக் குருவானவர் இயேசுதாசன் சாமி வந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். சும்மா வருகிறவர் கையில் அந்தச் சின்னக் கறுப்புப் பை எதற்கு? அதில் எண்ணெய்ச் சிமிழ் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? சாகப்போகிறவர்களுக்குச் செய்கிற அவஸ்தைப்பூசுதலுக்கு வந்திருக்கிறார்!

கம்பிக் கதவைத் திறக்கவில்லை. "இவர் தூங்குறாரு சாமி" என்றேன். உள்ளேயிருந்து "யாரது? சாமியா?" என்று இவர் குரல். அது சாமிக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. அப்படியும் திறக்கவில்லை. நடைபாதையிலேயே நிற்க வைத்து, கம்பி வழியாகத் தேத்தண்ணி கொடுத்தேன். நின்றபடியே குடித்தார், பாவம். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறீங்க மதலேனாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நான் என்ன சொல்லிக் கொடுக்கிறேன்? இது சாகிறவர்களுக்கு மட்டுமான தேவதிரவிய அனுமானச் சடங்கு இல்லை, நோயாளிக்குத் திடம் தருகிறது என்றுதான். போன மாதம்கூடப் பரீட்சையில் கேட்டேன். தப்பாக எழுதிய பிள்ளையைத் திட்டினேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

எட்மண்ட் வந்தான். சமையலறைக்குக் கூட்டிப் போய்ப் பாட்டிலை முன்னால் வைத்தேன்.

"அப்பாவுக்குக் கேன்சரா?"

"இல்லம்மா! யார் சொன்னா?"

"பின்னே இந்த மருந்து எதுக்கு? டாக்டர் கண்ணாடியத் துடைச்சுத் துடைச்சுப் பேசுனது என்ன? மாத்திரையா?"

பாட்டிலைத் தள்ளி வைத்தான். கண் கலங்கிவிட்டது. முப்பத்தெட்டு வயது ஆம்பிள்ளை. "கேன்சர் இல்லம்மா, சத்தியமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கேன்சர் இல்லை என்பதற்கு யாராவது இப்படி அழுவார்களா?

16 செப்டம்பர், செவ்வாய்

ரபியா செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறைக்கு இழுத்துப் போய்விட்டேன்.

"கேன்சரா இல்லையா, ஒரே வார்த்தை."

"இல்லேம்மா. கேன்சர் இல்லே. அல்லா மேல ஆணை."

"அப்ப மருந்தும் இல்லமும் எதுக்கு?"

அவள் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

"அம்மா, கேன்சர் வந்தவங்களுக்கு மட்டுந்தான் மூச்சு முட்டுதா? அவங்களுக்கு மட்டுந்தான் பயம் வருதா? ஐயாவுக்கு இருக்கற நோய் அதுக்குக் குறைஞ்சதில்லே. மாத்திரை முன்ன மாதிரி கேக்கலே. ஆறு மாசத்துல மூணு தடவ ஆஸ்பத்திரி. சாப்பாடு இறங்கலே, குளிக்க முடியலே. இதயந்தானே, மருந்து கொடுத்தா சரியாயிடும்னு எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்கோம். அவருக்கு என்ன வேணும்னு யாரும் நின்னு கேக்கலே. நாங்களும் இப்பத்தான் இதய நோய்க்காரங்களுக்கும் இப்படிப் பாக்கத் தொடங்கியிருக்கோம்."

"டாக்டர் எட்மண்ட்கிட்ட என்ன சொன்னாரு?"

கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். "இந்த இதயம் இனித் தேறாதுன்னு சொன்னாரு. மாசக் கணக்கா இருக்கலாம், இன்னும் குறைச்சலாவும் இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாதுன்னாரு. உங்களுக்குச் சொல்லச் சொன்னாரு. உங்க மகனுக்குச் சொல்ல வாய் வரலே."

ஆக, மறைத்தது உண்மை. நான் நினைத்ததுதான் வேறு. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கேன்சர் என்றால் கேட்டவுடன் ஊரே முழங்காலில் நின்று ஜெபிக்கும், வீட்டுக்கு வந்து கையைப் பிடிக்கும். இதற்கு "சதை போட்டிருக்காரு" என்றுதானே சொன்னார்கள். எனக்கும் தெரியவில்லையே.

"அந்த மருந்து கொன்னுடுமா?" என்றேன்.

"கொல்றதுக்கு இல்லேம்மா. மூச்சு திணறும்போது ஒரு பயம் வருமே, தண்ணிக்குள்ள அமுக்குன மாதிரி, அதத் தணிக்க. பாலாடையோட அடிய நனைக்கற சில சொட்டு, அவ்வளவுதான்."

நான் இன்னும் பாட்டிலைக் கொடுக்கவில்லை.

17 செப்டம்பர், புதன்

இவரிடம் நேராகவே கேட்டேன். "என்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவகிட்ட கேட்டீங்களே, அது என்ன?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விட்டு விட்டுச் சொன்னார். "இன்னொரு தடவ அந்த நாற்காலியில கட்டித் தூக்கிட்டுப் போக வேணாம், மதலேனா. ஆஸ்பத்திரியில கிடந்து போக வேணாம். இங்கேயே இருக்கேன். நீ 995-ஐக் கூப்பிடறப்ப உன் முகத்தப் பாத்தா, வேணாம்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது."

நான் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன். அவர் எனக்காகத்தான் போய் வந்திருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். எது என்று சொல்லவில்லை.

"எனக்குத்தான் முதல்ல தெரியும். என் நெஞ்சுலா."

பாட்டிலைத் தையல் பெட்டியிலிருந்து எடுத்து மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். "அங்கயா வச்சிருந்தே? பொடவைக்குள்ள தேடுனேன்" என்று சிரித்தார். சிரித்ததில் மூச்சு முட்டியது. சொட்டை எண்ணிப் பாலாடையில் விட்டுக் கொடுத்தேன். பாதி அவர் தாடையில் வழிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது ஆனால் ரபியாவைச் சும்மா விடக்கூடாது என்று.

ஒன்றும் ஆகவில்லை. தோள் மெல்ல இறங்கியது. தூங்கிப்போனார், வாயைத் திறந்துகொண்டு, பழையபடி குறட்டை விட்டு.

23 செப்டம்பர், செவ்வாய்

தண்ணீரை வடிக்கிற மாத்திரையும் நிற்கவில்லை, பழைய மருந்தெல்லாம் அப்படியே போகிறது, கூட இது. அவரை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன், முன்னைவிட அதிகம் பேர் வருகிறார்கள். ரபியாவிடம் ஒரு மணிநேரம் கேள்வி கேட்டேன். மறுபடி மூச்சு முட்டினால் என்ன செய்ய? எப்போது அவளைக் கூப்பிட? அவள் வராவிட்டால்? அவள் மாட்டிக்கொண்டு முழிக்கிறாளா என்று பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள்.

குளிப்பாட்ட இப்போது நான்தான். உட்கார வைத்து, கைக்கு எட்டுகிற அளவு, துணியால் துடைத்து. முதல் நாள் வெட்கப்பட்டார். இப்போது "இந்தப் பக்கம் இன்னும் அழுக்கு இருக்கு" என்று வேலை வாங்குகிறார்.

எட்மண்டிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து காலடியில் உட்கார்ந்தான். டாக்டர் சொன்னதை முழுசாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். சொன்னான்.

7 அக்டோபர், செவ்வாய்

இயேசுதாசன் சாமியை நானே போய்க் கூப்பிட்டேன். கம்பிக் கதவை அகலத் திறந்து வைத்தேன். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். மங்களமும் வந்து ஓரமாக நின்றாள். போகும்போது வறுத்து அரைத்த மல்லித்தூளை என் கையில் திணித்தாள். நான் அவளைப் பற்றி என்னென்ன நினைத்தேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பூசி முடித்ததும் இவர் செத்துவிடவில்லை. பசிக்கிறது என்றார். கருவாடு கேட்டார். ரபியாவுக்குப் போன் போட்டேன். "ஒரு சின்னத் துண்டு, ஆசைக்கு, கொடுங்கம்மா" என்றாள். ஊறப்போட்டு, மூன்று தண்ணீர் மாற்றி, ஒரே ஒரு துண்டு பொரித்தேன். அதை வைத்துக்கொண்டு ஒரு கவளம் சோறு இறங்கியது.

2 நவம்பர், ஞாயிறு. ஆத்துமாக்கள் திருநாள்

கோயிலிலிருந்து எல்லாரும் சுவா சூ காங் போனார்கள். இவர் அம்மா கல்லறைக்கு வருடம் தவறாமல் போவோம். "நீ எட்மண்டோட போயிட்டு வா. நான் எப்படியும் போகத்தானே போறேன்" என்றார்.

"வாயக் கழுவுங்க" என்றேன். போகவில்லை. எட்மண்ட் மட்டும் மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு போனான்.

சாயந்திரம் கால் அமுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டார், "நான் போயிட்டா நீ யாரைச் சந்தேகப்படுவே?"

"உங்களைத்தான். அங்க போய் யார்கூடப் பேசிக்கிட்டு இருக்கீங்களோன்னு."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு இந்த மனுஷன் வேண்டும். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

18 நவம்பர், செவ்வாய்

பகலெல்லாம் தூக்கம். எழுந்தால் இரண்டு வார்த்தை. நாற்காலியே கட்டில். இரண்டு வாய் கஞ்சி.

28 நவம்பர், வெள்ளி

நேற்று அடக்கம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். எட்மண்ட் இருந்தான். இவர் மூச்சு வந்து, நின்று, மறுபடி வந்தது. எட்மண்ட் பயந்து ஓடிப்போய்ப் போனைக் கையில் எடுத்தான். "அம்மா, கூப்பிடட்டுமா? அம்மா!" என்று கத்தினான். விரல் நம்பரின் மேல் நின்றது. இந்தப் பக்கம் இவர் முகம். கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் என் விரலை விடவில்லை.

"கீழ வை" என்றேன். "வச்சுட்டு வந்து அப்பாவோட இன்னொரு கையப் பிடி."

உதட்டோரம் மருந்தைத் தடவினேன். ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தோம். வியாகுலத் தேவரகசியம் நடக்கும்போதே மூச்சு தணிந்து தணிந்து வந்தது. எந்த 'அருள் நிறைந்த மரியே'யில் நின்றது என்று தெரியவில்லை. நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

ரபியா அவள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். கழுத்தில் கை வைத்தாள். நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். "ஐயா போயிட்டாரும்மா" என்றாள்.

இந்த வருடம் எனக்கு யார் என்ன சொன்னாலும் மறுகேள்வி கேட்டிருக்கிறேன். டாக்டரை, பெற்ற பிள்ளையை, சாமியாரை. அவளிடமும் ஒன்று கேட்டேன்.

"கஷ்டப்பட்டாரா?"

"இல்லேம்மா."

நம்பினேன்.